மழையில் பால் வெட்டமாட்டார்கள்

ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு கடல் தாண்டினேன் என்று சொன்னால் பெரிய எழுத்தாளர் பேச்சு மாதிரி இருக்கும். நடந்தது என்னவென்றால், இருநூறு பக்க நோட்டு ஒன்றைப் பழைய சேலைக்குள் சுற்றி, ஏர்போர்ட்டில் யாராவது பிரித்துப் படித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே போனேன். பிரித்துப் பார்த்தார்கள். நான் கொண்டுபோன குத்துவிளக்கைத்தான். நோட்டைச் சோதனை போட்ட பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

நான் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்தவள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. என் வீட்டுக்காரர் இலங்கையில், எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களை ரெண்டு நாடும் பங்கு பிரித்தபோது, பதினாறு வயசில் அவரையும் அப்பா அம்மாவையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றி விட்டார்கள். பத்து வயசுத் தங்கச்சி பாக்கியம் மட்டும், பிள்ளையில்லாத அத்தை பேரில் பதிவாகியிருந்ததால், அங்கேயே நின்றுவிட்டாள். என் நாவலும் இதுதான். அவர் இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தார். போனபிறகு நான் எழுதினேன். எல்லாருக்கும் வேறு பேர் வைத்திருக்கிறேன். கடைசி அத்தியாயம், அம்மா மகளை விட்டுவிட்டுக் கிளம்புகிறதுக்கு முந்தின நாள்.

கோயம்புத்தூரில் சின்னதாகப் பதிப்பகம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் அதைப் போடுகிறேன் என்றார். "அடுத்த திங்கக்கிழமைக்குள்ள முழுசாக் கையில குடுத்துருங்கம்மா. விட்டா அடுத்த வருஷந்தான்" என்றார். அடுத்த வருஷம் என்பது என் வயசில் சும்மா சொல்லிவிடுகிற வார்த்தையில்லை.

அந்த வாரம் பார்த்துத்தான் பாக்கியம் போன் பண்ணினாள். "புது வீடு குடிபோறோம் அண்ணி. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சு. எம் மகனுக்குத் தாய்மாமன் சீர் நீங்கதான் கொண்டாரணும். அண்ணன் இல்லன்னா அண்ணி." மறுக்க முடியுமா? ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு திரும்புவது. ஏழு நாளில் ஒரு அத்தியாயம் எழுதிவிட மாட்டேனா என்று நினைத்தேன்.

இலங்கையில் இறங்கி எஹலியகொடைக்குப் போகிற பஸ்ஸிலேயே ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். முன்னால் ஒரு சீட் காலியாக இருந்தது. இவ்வளவு கூட்டத்தில் எனக்காகவே வைத்தது மாதிரி இருந்தது. உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்தேன். கண்டக்டர் "இஸ்ஸரஹட யன்ன, இஸ்ஸரஹட யன்ன" என்று கத்திக்கொண்டே இருந்தார். முன்னால் போங்க என்று அர்த்தமாம். நான் ஏற்கெனவே முன்னால்தானே இருக்கிறேன் என்று பேசாமல் இருந்தேன். 'அன்று காலை' என்று ஒரு வரி எழுதினேன். அடுத்த நிறுத்தத்தில் காவி உடுத்த பிக்கு ஒருவர் ஏறினார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. தலைக்கு மேலே மூன்று பாஷையில் எழுதியிருந்தது, தமிழிலும்தான்: மதகுருமாருக்கு. நான் எழுந்த வேகத்தில் பேனா உருண்டு போய்விட்டது. பின்சீட்டில் இருந்த சிங்களப் பிள்ளை ஒன்று எழுந்து எனக்கு இடம் கொடுத்து, பேனாவையும் தேடி எடுத்துக் கொடுத்தது. எங்கள் ஊர் பஸ்ஸில் சாமியாருக்கு சீட் கிடையாது, பெண்களுக்கு உண்டு. அந்த நினைப்பில் உட்கார்ந்தது. அதற்கப்புறம் இறங்கும்வரை நோட்டைத் திறக்கவில்லை. பாக்கியத்திடம் சொன்னபோது, "ஹாமுதுரு சீட்டுலயா ஒக்காந்தீங்க?" என்று சிரித்தாள்; பிக்குவை இங்கே அப்படித்தான் சொல்வார்களாம்.

பாக்கியத்தை அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், அவள் அண்ணன் கருமாதிக்கு வந்தபோது. ஆள் கறுப்பு, ஒல்லி, சத்தம் பெரிசு. வேலையிலிருந்து நின்றபிறகும் கைக்காசுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகிறாள். வெட்டுவது என்றால் மரத்தைச் சாய்ப்பதில்லை, பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. அவளும் மகன் ரவியும் மருமகள் சுமதியும் இன்னும் பழைய லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டு அறை ஒன்றில்தான் இருந்தார்கள். ரவி முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். சுமதி டவுனில் துணிக்கடையில் நிற்கிறாள். புது வீடு நூறு அடி தள்ளி, ஓடு போட்டு, கதவு மாட்டி, பூட்டி இருந்தது. பால் காய்ச்சுகிறவரை உள்ளே யாரும் தங்கக் கூடாது. கதவு உள்ள தனி அறை ஒன்று சும்மா கிடப்பதை நான் அந்த வாரம் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை ஒரு வரி ஓடவில்லை. விடிகிறதற்குள் பாக்கியம் வேலைக்குப் போய்விட்டாள். சரி என்று உட்கார்ந்தால், அக்கம்பக்கத்து லயத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். "இந்தியாவுல இருந்து வந்திருக்காங்களாம்ல?" என்று கேட்டு, என்னைச் சுற்றிப் பார்த்து, பால் விடாத பிளேன்டீ ஒன்று குடித்துவிட்டுப் போனார்கள். நான் யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டேன். அதனால் அவர்கள் பேசினார்கள். கீழே கிராமத்திலிருந்து சோமாவதி என்ற சிங்கள அம்மா பலாக்காயைச் சுத்தம் பண்ணியே கொண்டுவந்து வைத்தார். நோட்டைப் பார்த்து "மொனவத லியன்னே?" என்றார். என்ன எழுதுறீங்கன்னு கேக்குறாங்க என்று சுமதி சொன்னாள். "சும்மா" என்றேன். சுமதி அதை எப்படிச் சிங்களத்தில் சொன்னாளோ, அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பரிதாபமாகத் தலையாட்டினார்.

சாப்பாடு வேறு. காலையில் தேங்காய் ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச்சம்பலும். மத்தியானம் பலாக்காய், பருப்பு, கீரை எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால். எங்கள் பக்கம் தேங்காய்க்கு அவ்வளவு யோசிப்போம். சாப்பிட்டால் கண் சொருகுகிறது. எழுத வந்தவளுக்கு ஆகிற சோறு இல்லை அது.

செவ்வாய்க்கிழமை விடியும்போது தகரத்தில் மழைச் சத்தம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மழை நாளில்தான் கொழுந்து தளதளவென்று வரும். பிளாஸ்டிக் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லாரும் மலையேறிவிடுவோம், தோட்டத்து வீட்டில் ஒரு ஆள் இருக்காது. இங்கேயும் வெளியாட்கள் வரமாட்டார்கள், வீட்டாட்கள் வேலைக்குப் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டு, நோட்டையும் பேனாவையும் தலையணைக்கடியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

பாக்கியம் படுத்தே இருந்தாள். ஆறு மணி ஆயிற்று. எழுந்தாள், அடுப்பு மூட்டினாள், டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். லயம் பூராவும் ஆள். டீவி சத்தம், பிள்ளைகள் சத்தம், எதிர்வீட்டில் கேரம்போர்டு.

"வேலைக்குப் போகலையா பாக்கியம்?"

"மழையில எங்க போறது?"

"மழைன்னா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, மழை பேஞ்சா மரத்துல தண்ணி வழியும்ல. வெட்டுனா பால் கோட்டுல எறங்காம மரத்தச் சுத்தி ஓடிரும். பால் புடிக்க மரத்துல வச்ச சிரட்டையில தண்ணிதான் நெறையும். சில தோட்டத்துல மரத்துக்குப் பிளாஸ்டிக்குல பாவாட கட்டி விடுறாங்களாம், இங்க அதெல்லாம் இல்ல. மழைன்னா பேரே போட மாட்டாங்க. வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல."

கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டேன். என் நாவலில் கடைசி நாள் மழை. இருபதாவது அத்தியாயம் முழுக்க வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. இனி எழுத வேண்டிய இருபத்தொன்றில் அந்த அம்மா கொட்டுகிற மழையில் போய், தன் முந்நூறு மரத்தையும் கடைசியாக ஒரு தடவை வெட்டுகிறாள், வெள்ளைப் பாலும் மழைத் தண்ணீரும் கலந்து ஓடுகிறது. அதை நினைத்து நினைத்து நானே ராத்திரியில் அழுதிருக்கிறேன். மழை என்றால் வேலை இல்லை என்று உலகத்தில் ஒரு தோட்டம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் தேயிலைக்காரி. ரப்பர் மரத்தில் கொழுந்து பறித்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. என் மாமியார் கூடலூருக்கு வந்த நாளிலிருந்தே, மழை பெய்தால் வேலைக்குக் கிளம்பமாட்டாள். படியில் உட்கார்ந்துவிடுவாள். மேஸ்திரி வந்து சத்தம் போடுவார். நானும் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, சோம்பேறிப் பொம்பளை, என்னை அனுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறாள் என்று வெகுகாலம் மனசில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னார்தான். "மழை வந்தா எங்கம்மா வீட்ல இருப்பாங்க" என்று முகம் மலர்ந்து பலதரம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் மேல் அவ்வளவு பாசம் போல என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அதிலிருந்து நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். வாயே திறக்காதவள், செவ்வாயும் புதனும் பாக்கியத்தைத் துளைத்து எடுத்துவிட்டேன். எத்தனை மணிக்கு வெட்டப் போவீங்க? வெட்டினபிறகு எவ்வளவு நேரம் பால் வடியும்? மாசத்தில் எத்தனை நாள் மழையில் போகும்? அந்த நாளில் அடுப்புக்கு என்ன செய்வீங்க? லயத்தில் எங்கே ஒழுகும்? கேட்டதை எல்லாம் அப்படியே திரும்பி உட்கார்ந்து நோட்டின் பின்பக்கத்தில் குறித்தேன். அத்தியாயம் மட்டும் எழுதவில்லை. எழுதப் போனால் பழைய மழையே வந்து நின்றது. இருபதாவது அத்தியாயத்துப் பக்கத்தைக் கிழிக்கவும் மனசு வரவில்லை. நடுவில் புது வீட்டுக்கு சாமான் வாங்க வேண்டும் என்று ரவி என்னை வண்டியில் ஏற்றி எஹலியகொடைக்குக் கூட்டிப்போனான். திரும்பும்போது மழை பிடித்து, இறக்கத்தில் வண்டியின் மேல்கூரை கிழிந்து, இருபது கிலோ அரிசியை நான் மடியில் வைத்து நனையாமல் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். நோட்டைக் காப்பாற்றுகிற மாதிரி.

வியாழக்கிழமை காலை பாக்கியம் என்னோடு பேசவில்லை. டீயை வைத்தாள், போனாள். சுமதி கடைக்குக் கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அனே பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க." ஐயோ என்பதற்கு இங்கே 'அனே'. "அத்தை நேத்து ராவு சாப்பிடல."

"ஏன், மேலுக்கு முடியலையா?"

"நீங்க எழுதுறதுதான்."

பாக்கியம் மத்தியானம் வேலை முடிந்து வந்ததும் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தானையிலும் கையிலும் பால் காய்ந்து ரப்பர் ரப்பராக ஒட்டியிருந்தது. அதை உரித்து உரித்துப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"கூரை எங்க ஒழுகுதுன்னு எழுதுறீங்க. மழைக்கு என்ன திங்கிறோம்னு எழுதுறீங்க. நான் என்ன மகாராணியாட்டம் இருக்கேன்னு அங்க சொல்லி வச்சிருந்தேனா? ஊர்ல போயி, பாக்கியம் இப்படித்தான் கெடக்கான்னு வாசிச்சுக் காட்டத்தானே? எங்கண்ணன் உசுரோட இருந்தா கேட்டுருப்பேன்."

நான் நாவல் எழுதுகிற விஷயம் பதிப்பகத்துத் தம்பிக்கும் என் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். கொழுந்து பறித்தவள் நாவல் எழுதுகிறாள் என்றால் சிரிக்கமாட்டார்களா? அதுவும் யாரைப் பற்றி?

"கதை எழுதுறேன் பாக்கியம்."

"என்ன கதை?"

"உங்கம்மா கதை."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு, "அதுல நான் இருக்கேனா?" என்றாள்.

"இருக்கே. செண்பகம்னு பேரு."

"அந்தப் பேராவது லட்சணமா இருக்கே. எங்கத்தை வச்ச பேரப் பாருங்க." முகம் கொஞ்சம் இளகியது. "படிங்க."

என் வாழ்க்கையில் யாருக்கும் நான் வாய்விட்டுப் படித்துக் காட்டியதில்லை. இருபதாவது அத்தியாயத்தைப் படித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா!" என்று அதட்டினாள். வானம் இருட்டி, நாளைக்கு மழையிலும் வெட்டப் போவேன் என்று அந்த அம்மா கத்தி தீட்டுகிற இடம் வந்ததும் பாக்கியம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எந்தக் கங்காணி அண்ணி விட்டாரு? கூறு கெட்ட கங்காணியால்ல இருக்கான்!"

"தப்புன்னு எனக்கு செவ்வாக்கிழமதான் தெரிஞ்சுது. மழைய எடுத்துரட்டுமா?"

"ஏன் எடுக்கணும்? அன்னிக்கு மழைதான்."

இது எனக்குத் தெரியாது, அந்த நாளைப் பற்றி மட்டும் அவர் சொன்னதேயில்லை. மழையை நான் கதைக்காகப் போட்டது.

"விடிய விடிய மழை," என்றாள் பாக்கியம். "மறுநாள் அவங்க கெளம்பணும். அது கடைசி நாள் வேலை, கடைசி நாள் சம்பளம். மழையில எல்லாம் போச்சு. அப்பா வாசல்ல நின்னு வானத்தத் திட்டுறாரு. அம்மா என்னைய இழுத்து மடியில சாச்சிக்கிட்டு ஈர்கொல்லிச் சீப்ப எடுத்தாங்க. காலையில ஒக்காந்தது, வெளக்கு வைக்கிற வரைக்கும். எந் தலையில அவ்வளவு பேன் இருந்துச்சா என்னன்னு தெரியல. அண்ணன் வந்து கேக்குறான், போதும்மா, தோலே வந்துரும்னு. விடல. சோறுகூட அண்ணன்தான் பொங்குச்சு. மழை பேயலன்னா அம்மா மலைக்குப் போயிருப்பாங்க. எனக்கு அந்த ஒரு நாளும் இருந்துருக்காது."

நான் எழுதவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்திருந்தேன்.

"எழுதுங்க," என்றாள். "ஆனா நான் அழுததா மட்டும் போட்றாதீங்க. நான் அழல. சீப்பு இழுத்ததுல கண்ணுல தண்ணி வந்துச்சு, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலமே எழுதியிருக்க வேண்டும். ஆனால் வெளியூர்ச் சனம் வந்து இறங்கிவிட்டது. லயத்து அறையில் பதினோரு பேர். வெள்ளிக்கிழமை விடிகாலையில் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கியது, சீரை நான் கொடுத்தேன், குத்துவிளக்கு புது வீட்டு நடுவில் எரிந்தது. நான் ஒதுங்கி நிற்கப் பார்த்தபோது பாக்கியம் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். அதோடு விட்டாளா? கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாக, "எங்கண்ணி கதை எழுதுறாங்க! புத்தகமா வரப்போகுது!" என்றாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அதற்குப்பிறகு நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் விடவில்லை. "என் கதைய எழுதுனா மூணு நோட்டு பத்தாது" என்று ஒரு கிழவர். "எங்க மாமியா கதைய எழுதுங்க, ஆனா நாந்தான் சொன்னேன்னு போடாதீங்க" என்று ஒரு பெண். நான் ஆசைப்பட்ட அந்தக் கதவுள்ள அறையில் சாயங்காலம் எட்டுப் பிள்ளைகள் தூங்கின. சோமாவதி அம்மா பாற்சோறு கொண்டுவந்து, சுமதி மூலம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

ஞாயிறு விடிகாலை விமானத்துக்கு, சனிக்கிழமை மத்தியானமே நான் கிளம்ப வேண்டும். எழுதின வரி: 'அன்று காலை'. அது பஸ்ஸில் எழுதினது.

பாக்கியம் இருட்டு பிரியும்போதே என்னை உலுக்கினாள். "எந்திரிங்க. மழை இல்ல. என்கூட வாங்க."

"எனக்கு எழுத..."

"அதுக்குத்தான் கூப்புடுறேன்."

காலில் சோப்பைத் தேய்த்துவிட்டாள், அட்டை ஏறாமல் இருக்க. எங்கள் ஊர் அட்டைக்கு நாங்கள் உப்பு. நோட்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டேன். தேயிலையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம் இருக்கும். இங்கே மரத்துக்கு மேல் மரம், உள்ளே வெளிச்சம் தண்ணீர் மாதிரி கிடந்தது. பாக்கியம் ஒவ்வொரு மரத்திலும் போன வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை இழுத்து உரித்துக் கூடையில் போட்டாள். கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பு. நாடா மாதிரிப் பட்டை சுருண்டு விழ, பின்னாலேயே வெள்ளை வந்தது. சிரட்டையை நிமிர்த்தி வைத்தாள். அடுத்த மரம். ஒரு மரத்துக்கு நான் மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

எல்லா மரத்தையும் வெட்டி முடித்துவிட்டு, ஒரு பாறையைக் காட்டினாள். "இங்க ஒக்காருங்க. இனிப் பால் வடியணும். நாங்க எதுவும் செய்ய முடியாது, மரந்தான் செய்யணும். ஒன்றரை மணி நேரம். நாங்க சும்மா பொறணி பேசுவோம். இன்னிக்கு நான் அந்தப் பக்கம் போயிப் பேசிக்கிறேன்."

போய்விட்டாள். நான் ஏழு நாளாகத் தேடின நேரம் தினமும் இந்த மலையில் கிடந்திருக்கிறது.

சுற்றிலும் சிரட்டையில் சொட்டுகிற சத்தம். 'அன்று காலை' என்பதற்கு அடுத்து 'மழை' என்று எழுதினேன். அதற்கப்புறம் கை நிற்கவில்லை. கத்தி கூரை இறவாணத்தில் செருகியபடியே இருந்தது. அப்பா வானத்தைத் திட்டினார். அண்ணன் சோறு பொங்கினான். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, செண்பகத்தின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். ஒவ்வொரு ஈராக எடுத்தாள். எழுத எழுத, அந்த அம்மாவுக்கு என் மாமியார் முகம் வந்துவிட்டது. கூடலூர்ப் படியில், மழையைப் பார்த்துக்கொண்டு, மடியில் யாருமில்லாமல் உட்கார்ந்திருந்த முகம். அவளிடம் நான் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. அதையும் எழுதினேனா என்றால், இல்லை. செண்பகம் வளர்ந்தபிறகு மழை நாளில் என்ன செய்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினேன்.

வாளிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். பாக்கியம் பால் சேர்த்துக்கொண்டே கீழ் வரிசையிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா அண்ணி?"

"இன்னும் ரெண்டு பக்கம்."

பாறையைச் சுற்றி இருந்த வரிசை மட்டும் பாக்கி. முப்பது மரம் இருக்கும். சிரட்டை எல்லாம் நிறைந்து நின்றது. அதிலிருந்து எடுத்தால் நான் எழுந்து வழிவிட வேண்டும். அவள் வரிசையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள்.

"கெடக்கட்டும்," என்றாள். "இந்த வரிசைய நாளைக்கு ஒட்டுப்பாலா உரிச்சுக்கிறேன்."

"காய்ஞ்சா வெல கொறைஞ்சிரும்னு சொன்னியே?"

"சொன்னேன். நீங்க எழுதுங்க."

கொஞ்சம் தள்ளி, வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தலை நரைத்து, எண்ணெய் வைத்து வழித்து, கொண்டை போட்டிருந்தாள். நான் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே ரெண்டு பக்கத்தையும் எழுதி முடித்தேன்.

நோட்டை மூடின சத்தம் கேட்டதும், திரும்பாமலேயே கேட்டாள்.

"அழுதேன்னு எழுதலையே?"

"இல்ல. சீப்பு இழுத்துச்சுன்னு எழுதியிருக்கேன்."

"ம்," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள். "வாங்க, எடை போட நேரமாச்சு. பஸ்ஸுல ஹாமுதுரு சீட்டுல ஒக்காராதீங்க."